அக்காவின் இடது கால்

மருதாணியைக் கொழுப்புக்குள் பூட்டுவதுதான் அப்போது என் வேலை. தஞ்சாவூருக்கு வெளியே ஒரு மருந்தியல் கல்லூரியின் ஆய்வகத்தில் உதவியாளன் நான். மருதாணிச் சாயம் தோலின் மேலேயே சிவந்து நின்றுவிடும், ஆழம் இறங்காது. கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிக்குள் அதை வைத்து அனுப்பினால், தோல் அதைத் தன் சொந்தக் கொழுப்பென்று நினைத்து வழிவிடும். இப்படி வேஷம் போட்டு உள்ளே நுழைகிற மருந்து எனக்குப் பிடித்திருந்தது. உருக்கி, கலக்கி, அதிரவிட்டு, ஆறவைத்தால் பாலாடை மாதிரி ஒரு ஆரஞ்சுக் களிம்பு வரும்.

களிம்பு சேற்றுப்புண்ணுக்கு. நாளெல்லாம் சேற்றில் நின்று நாற்று நடுகிறவர்களுக்குக் கால்விரல் இடுக்கு ஊறி, வெளுத்து, பிளந்துவிடும். சம்பா நடவு தொடங்கியதும் சோதனையும் தொடங்கியது. ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு ட்யூப், காலுக்கு ஒன்று. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் கொழுப்பு. எது எது என்று பூசுகிறவர்களுக்கும் தெரியக்கூடாது, பார்த்துக் குறிக்கிறவர்களுக்கும் தெரியக்கூடாது. எனக்குத் தெரியும். அடைத்தவன் நான். வெறும் களிம்புக்கும் அதே நிறம் வரச் சாயம் கலந்தவனும் நான்.

ஆள் போதவில்லை. வலங்கைமான் பக்கம் குத்தகை வயலில் தானும் இறங்கி நடுகிற என் அக்காவைச் சேர்த்தேன். அவளுக்கும் இரண்டு காலிலும் புண் இருந்தது. அத்தான் சிங்கப்பூரில் இருந்தார். ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி இருந்தது: இரண்டில் ஒன்றில் மருந்து இருக்காது. அந்த வரியை மட்டும் அக்காவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. தெரிந்தால் நல்லது எதுவென்று மூன்றே நாளில் கண்டுபிடித்து இரண்டு காலுக்கும் அதையே பூசிவிடுவாள் என்று பயந்தேன்.

"ரெண்டும் மருந்துதாங்க்கா. பக்குவம்தான் வேற வேற."

"மேல கொஞ்சம் மருதாணி அரைச்சு வச்சுக்கவா? நடவுன்னா எல்லாரும் வைப்போம்ல."

"வேண்டாங்க்கா, கணக்கு கெட்டுடும்."

வைக்கவில்லை. மருதாணியைச் சோதிப்பதற்காக அவளிடமிருந்து மருதாணியைப் பிடுங்கினேன்.

பத்து நாளில் வலது கால் ஆறியது. இடது ஆறவில்லை. நடவு ஆட்கள் விடுவார்களா? வரப்பில் நான் நின்றிருந்தபோதே, குனிந்து பின்னால் அடிவைத்து நட்டபடி ஒருத்தி சொன்னாள்: "ஏங்க தம்பி, ஒங்கக்காவோட ஒரு காலு காலேஜுக்குப் போயிட்டு வந்துருக்கு. இன்னொண்ணை மாடு மேய்க்க அனுப்பிட்டீங்களாக்கும்!" வரிசை மொத்தமும் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன், அதுதான் இன்றைக்கும் காதில் கேட்கிறது.

"கொஞ்சம் பொறுத்துக்குங்கக்கா," என்றேன். பொறுத்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் ஆய்வுக்காகப் படம் எடுக்கப் போனேன். இடது பாதம் வீங்கிப் பளபளத்தது. வீக்கத்தில் மெட்டி இறுகிப்போய், அதை வெட்டி எடுத்திருந்தார்கள். புருஷன் கடல்கடந்து இருக்கையில் மெட்டி இல்லாத கால். புடவைக் கரையை இழுத்து இழுத்து மூடினாள்.

"படத்துல இது தெரியுமாடா?"

செய்தித்தாளை விரித்து, இரண்டு பாதங்களையும் அதன்மேல் வைக்கச் சொன்னேன். வெளிச்சம் சரியா என்று பார்த்தேன். எடுத்தேன். அதற்குப் பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன், இடது கால் ட்யூபில் மருந்தே இல்லை என்று சொன்னேன்.

இடது பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப இத்தனை நாளும் இந்தக் காலுக்கு ஒண்ணுமே போடலயா நான்?"

"இல்லக்கா."

"மொதல்லயே சொல்லிக் கேட்டிருந்தீன்னா, ஒனக்காக அதைச் சும்மாவே விட்டிருப்பேனேடா. நீ கேக்கலயே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கே கும்பகோணத்தில் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஊசி, மாத்திரை, கட்டு. புண் ஆறியது. ஆனால் அவள் வயல் நடவு, அவள் கட்டுப் போட்ட காலோடு வரப்பில் நின்று பார்க்க, மற்றவர்கள் கையால் முடிந்தது.

அவளை ஆய்விலிருந்து நீக்கியிருக்க வேண்டும். நீக்கினால் ஏன் என்று கேட்பார்கள், படிவத்தில் நான் படிக்காமல் விட்ட வரி வெளியே வரும், வேலை போகும். நீக்கவில்லை. கல்லூரிக் கூட்டத்தில் அக்காவின் பாதங்கள் சுவரளவு பெரிதாகத் திரையில் விழுந்தன. பெயர் இல்லை. எல்லாப் படங்களிலும் வித்தியாசம் மிகத் தெளிவாகத் தெரிந்தது இதில்தான். கை தட்டினார்கள்.

ஆய்வை நடத்திய பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "இவங்க நாம சொன்ன மாதிரியே போட்டாங்களா?"

"ஒரு வேளைகூட விடாம போட்டாங்க சார்."

அவளைப் பற்றி அந்த அறையில் நான் சொன்ன ஒரே உண்மை அது. அதையும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன்.