சட்டைப் பையில் பட்டு உருண்டை

கல்குவாரியிலிருந்து வந்து அப்பா சட்டையைக் கழற்றினால் வெடிமருந்தின் கார வாடை வீடு முழுக்கப் பரவும். கூடவே எங்கள் குரல்களும் உயரும். பாறையில் துளை போடும் மெஷினை நாள் முழுக்க நெஞ்சோடு அணைத்துப் பிடித்து நின்றவருக்குச் சாதாரணப் பேச்சு எட்டாமல் போனதால், சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டைத் தெருவே "சண்டைக்கார ஊடு" என்றது.

பக்கத்துத் தறிவீட்டில் கழித்துப்போட்ட பட்டு நூல் துண்டுகளை அம்மா வாங்கிவந்து உருட்டி, காதில் அடைத்துக்கொள்ளச் சொல்லி அப்பாவின் சட்டைப் பையில் வைத்தனுப்புவார். துவைக்க எடுக்கும்போது அவை மினுமினுப்புக் குறையாமல் அப்படியே வெளியே வரும்.

"காதுக்குப் பட்டு கட்டி அனுப்பறேன், உனுக்குக் கசக்குதா?" என்று அம்மா கத்துவார்.

"வெடி வைக்க சொல்ல விசில் அடிப்பாங்க. அது கேக்கலன்னா இந்தப் பட்ட என் பொணத்து மேலதான் போத்தணும், போமா," என்று அப்பா சிரிப்பார்.

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கொடுமை. விசிலுக்காகத் திறந்து வைத்த காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஒருநாள் அந்த விசிலே கேட்காமல் நின்றவரைக் கூட இருந்தவர்கள் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதன்பின் அவரைக் கூப்பிட, படுத்திருக்கும் மரக்கட்டிலின் சட்டத்தைத் தட்டுவோம். அதிர்வு முதுகில் ஏறியதும் "இன்னாமா?" என்று திரும்புவார்.

டிப்ளமோ முடித்து, வேறு வேலை எதுவும் அமையாமல், என் மகன் இப்போது கல் உடைக்கும் கிரஷரில் மெஷின் ஓட்டுகிறான். காதுக்கு மஞ்சள் ஸ்பாஞ்சு அடைப்பான் கம்பெனியே கொடுக்கிறது. போன வாரம் துவைக்க எடுத்த பேன்ட் பையில் அது புத்தம் புதிதாக இருந்தது.

"லாரி பின்னாடி வந்தா ஹாரன் கேக்கணும்லமா. சும்மா டென்ஷன் ஆவாத. காதுல கொய்ங்னு இருக்குது, தூங்கி எழுந்தா போயிடும்," என்றான்.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கேட்கும் நரம்பு பழுதாகத் தொடங்கிவிட்டது, போனது திரும்பாது என்றார். இனியாவது காதை அடைத்துக்கொள் என்றால், பின்னால் லாரி வராது என்று நான் எப்படி உறுதி சொல்வேன்?

நேற்று டிவியை அலறவிட்டு உட்கார்ந்திருந்தவனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். என்னையறியாமல் என் கை, அவன் சாய்ந்திருந்த சோபாவின் முதுகைத் தட்டியது. அப்பாவின் மரக்கட்டில் எப்போதோ விறகாகிவிட்டது. இது ஸ்பாஞ்சு, தட்டியது அதற்குள்ளேயே அமுங்கிப்போனது. அவன் திரும்பவில்லை.