பிரேக்குக்கு அடியில ஜமுக்காளம்

சீட் கவர் கடைக்காரன்னா சீட்டு மேலதான் வேலைன்னு நினைக்கீங்க. பாதி நாள் நான் காருக்குள்ள தலைகுப்புறக் கிடந்து, பெடலுக்கு அடியில கையை விட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

இருபது வருஷமா சங்கரன்கோவில்ல இதுதான் பிழைப்பு. நம்ம பக்கம் கரிசல் மண்ணு. மழை பேஞ்சா காலோடயே ஏறி வரும், காருக்குள்ள வந்துட்டா லேசுல போகாது. அதனால கார் வாங்கின மறுநாளே, கம்பெனிக்காரன் போட்ட விரிப்புக்கு மேல ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணுன்னு விரிக்க ஆரம்பிச்சிருவாங்க. உரச்சாக்கு, பழைய சேலை, தினசரிப் பேப்பர்னு நான் உருவாத சாமான் இல்ல. கீழ பிடிப்பு இல்லாத விரிப்பு மிதிக்க மிதிக்க முன்னால நகரும். பிரேக்குக்கு அடியில போய்ச் சுருண்டுக்கிட்டா மிதி பாதியில நின்னுரும். ஆக்சிலேட்டர் மேல ஏறிட்டா காலை எடுத்தாலும் வண்டி ஓடும். தரையில ஒரு கொக்கி, விரிப்புல ஒரு ஓட்டை, ரெண்டையும் மாட்டினா முடிஞ்சுது சோலி. சொன்னா கேக்கணுமே! நீங்களும் கார் வச்சிருப்பீங்க, இல்லாட்டி கார் வச்சிருக்க ஆளுக்கு வாக்கப்பட்டிருப்பீங்க. என் பாடு உங்களுக்குப் புரியும்.

பழம் இருக்கட்டும்

குருவிகுளம் பக்கத்துல இருந்து ஒரு பெரிய சம்சாரி வந்தார், நல்ல வெள்ளாமைக்காரர். பிரேக்கை மிதிச்சா பாதியில கல்லு மாதிரி நிக்குதாம். ரெண்டு மெக்கானிக் பாத்துட்டு ஒரு குறையும் இல்லைன்னுட்டாங்களாம். விரிப்பைத் தூக்கினேன். பெடலுக்கு நேர் அடியில காஞ்சு இறுகிப்போன எலுமிச்சம்பழம் ஒண்ணு, குங்குமம் கூட அழியல. வண்டிக்குப் பூசை போட்ட அன்னைக்கு வச்சது, உருண்டு உள்ள போயிருக்கு. அதை எடுத்துத் தூரப் போடப் போனேன், மனுசன் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"இதாலதான் உங்களுக்கு பிரேக் பிடிக்கல"ன்னு நான் தொண்டை வத்தக் கத்தினேன். அவர் நிதானமாச் சொன்னார்: "இருக்கட்டும் அண்ணாச்சி. பிரேக் பிடிக்காதுன்னுதான் நான் முப்பதுக்கு மேல போறதே இல்ல. இத்தனை நாள் உசிரோட இருக்கேன்னா பழம் காப்பாத்துதுன்னுதானே அர்த்தம்."

அஞ்சு அடுக்கு

வேலம்மாள் டீச்சருக்குத் திருவேங்கடத்துக்கு அங்கிட்டு ஒரு பள்ளிக்கூடத்துல வேலை. தினமும் தானே கார் ஓட்டிட்டுப் போவாங்க. ரெண்டாங்கிளாஸ் படிக்கிற மகளும் அதே பள்ளிக்கூடம்தான், கூடவே போகும். வீட்டுக்காரர் கணேசன் சார் அரசாங்க ஆபீஸ்ல கிளார்க். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஆனா காரைப் பத்தி எல்லாம் தெரியும்.

ஒரு திங்கக்கிழமை ரெண்டு பேரும் வந்தாங்க. "பிரேக் முழுசா இறங்க மாட்டேங்குது அண்ணாச்சி. பிள்ளையை வச்சுக்கிட்டுப் போறேன், பயமா இருக்கு"ன்னாங்க டீச்சர். நான் குனிஞ்சு ஒவ்வொண்ணா உருவினேன். முதல்ல ஒரு ஜமுக்காளம், நாலா மடிச்சது. அதுக்கடியில தென்னநார் விரிப்பு. அதுக்கடியில ரப்பர். அதுக்கும் அடியில பிளாஸ்டிக் தாள். கடைசியில காரோட வந்த விரிப்பு, கவர் கூடப் பிரிக்காம கிடக்கு. அதை மாட்டுற கொக்கியைத் தேடினா, இருந்த இடம் மூளியா இருக்கு. "கொக்கி எங்க சார்?"ன்னேன். கணேசன் சார் பெருமையாச் சொன்னார்: "நான்தான் பிடுங்கிப் போட்டேன் அண்ணாச்சி. ஜமுக்காளத்தைக் குத்துதுல்லா."

மச்சான் வரட்டும்

பிடுங்கின இடம் கிழிஞ்சுபோச்சு. புதுக் கொக்கி வைக்கணும்னா பக்கத்துல தரைத் துணியில சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு துளை போடணும். அதைச் சொன்னதும் சார் முகம் செத்துப்போச்சு. புதுக் காருல ஓட்டையான்னு அப்படியே நிக்கார். டீச்சர் "போடுங்க அண்ணாச்சி"ன்னாங்க. சார் என் கடைக் காலண்டரைப் பாத்துட்டு, இன்னைக்கு நாள் சரியில்லைன்னார்.

எனக்கு வாய் சும்மா கிடக்காதே. "ஆமா சார், காதுகுத்துல்லா! தாய்மாமனையும் கூட்டிட்டு வாங்க, மடியில வச்சுக் குத்திருவோம்"னேன். மனுசன் சிரிக்கல. காலண்டரை இன்னொரு தடவை புரட்டிட்டு, "காரை ஷோரூம்ல இருந்து ஓட்டிட்டு வந்தது என் மச்சான்தான். கோயம்புத்தூர்ல இருக்கான். அடுத்த வாரம் வருவான், வந்ததும் வச்சுக்கிடுவோம்"னார். நான் கேலிக்குச் சொன்னேன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கல. அஞ்சையும் அவரே வரிசை மாறாம திரும்ப விரிச்சார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் நான் மெதுவா, "வீட்டைத் தாண்டினதும் எல்லாத்தையும் எடுத்துப் பின்னால போட்டுருங்க டீச்சர்"னேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. "அப்படித்தான் தினமும் செய்யுதேன். நீங்க சொன்னாலாவது அவர் கேப்பார்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன். அவசரத்துல ஒருநாள் மறந்தா? கேலி பேசுதேன்னு எங்க ரெண்டு உசிரையும் ஒரு வாரம் தள்ளி வச்சுட்டீங்களே அண்ணாச்சி."

படப்புக்குள்ள கார்

வெள்ளிக்கிழமை மறந்துட்டாங்க. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு போயிருக்காங்க, ஒரு ஆடு குறுக்க வந்திருக்கு. மிதிச்ச மிதிக்கு பிரேக் பாதியில நின்னுருச்சு. ஆட்டுக்காக ஸ்டியரிங்கை ஒடிச்சதுல வண்டி ரோட்டை விட்டு இறங்கி, சோளத்தட்டையைக் குவிச்சு வச்ச ஒரு படப்புக்குள்ள மூக்கை விட்டு நின்னுருக்கு. ஆட்டுக்கும் ஒண்ணும் இல்ல, ஆளுக்கும் ஒண்ணும் இல்ல. படப்பு இருந்த இடத்துல ஒரு மரம் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்!

பதினோரு மணிக்குக் கார் என் கடை வாசல்ல நிக்கு. விரிப்பெல்லாம் பின் சீட்டுல, பக்கத்துல பிள்ளை தலையில இருந்து சோளத் தோகையைப் பிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கு. போன் போட்டு வரவழைச்ச கணேசன் சார் பைக்கை விட்டு இறங்கினதும் நேரா பம்பர்கிட்ட குனிஞ்சு, பெயிண்ட் உரிஞ்சிருக்கான்னு தடவுதார். எனக்கு வந்துச்சே கோவம். அஞ்சு விரிப்பையும் அள்ளிப் பழையபடி பெடலுக்கு அடியில திணிச்சேன். "ஏறி உக்காருங்க சார். பிரேக்கை மிதிங்க"ன்னேன்.

உக்காந்தார், மிதிச்சார், பாதியில நின்னுச்சு. ரெண்டு காலையும் வச்சு மிதிச்சார், அப்பவும் அவ்வளவுதான். பின்னால திரும்பிப் பிள்ளையைப் பாத்தார். பிறகு டீச்சரைப் பாத்து, "இதை மிதிச்சுக்கிட்டா போன?"ன்னார். சார் இறங்கி, அஞ்சையும் அவர் கையாலயே உருவி ரோட்டுல போட்டார்.

துளை போடுற குத்தூசியை எடுத்துட்டு வந்துட்டேன். வந்த பிறகு எனக்கே தயக்கம். இந்தத் தடவை கேலி இல்ல, நிசமாவே கேட்டேன்: "சார், வெள்ளிக்கிழமை பதினோரு மணி, நல்ல ராகுகாலம். மச்சானும் இன்னும் வரலியே." சார் வெள்ளை வேட்டியோட தார் ரோட்டுல சம்மணம் போட்டு உக்காந்து, தலையைக் காருக்குள்ள விட்டு, அந்தத் தரைத் துணியை ரெண்டு கையாலயும் அசையாம அழுத்திக்கிட்டார். "மாமன் வந்து என்ன செய்யப் போறான்? நான் புடிச்சுக்கிடுதேன், நீங்க குத்துங்க அண்ணாச்சி."

அன்னையில இருந்து நான் கடையில கேலியே பேசுறதில்ல. இந்த ஊர்ல கேலியாச் சொன்னதுக்கும் ஒரு நல்ல நாள் பாத்து, ஆளையும் வரச் சொல்லிருதாங்க.