நானே பாத்துக்கறேன்

இரண்டு கரண்டிகளின் காம்பை டயருக்கும் ரிம்முக்கும் நடுவே செருகி, ஒன்றை முழங்காலால் அழுத்திக்கொண்டு, மற்றொன்றை மெல்ல நகர்த்திக்கொண்டே போகிறார் எதிர்வீட்டு அண்ணன். டயரின் ஓரம் ரிம்மை விட்டு வெளியே வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். நான் கைதட்ட வேண்டும், அவ்வளவுதான். உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வருகிறது.

"மறுபடியும் என் கரண்டியா? இதுக்குன்னே கடையில லீவர் விக்கிறான்ல?"

"அதெல்லாம் கைக்கு அடங்காதும்மா. நீ உள்ள போ, நானே பாத்துக்கறேன்."

இந்த "நானே பாத்துக்கறேன்" ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது காதில் விழும். எங்கள் கட்டிடத்தில் அவருக்கு 'நானே அண்ணன்' என்றே பெயர். அது அவருக்கும் தெரியும். கோபமெல்லாம் இல்லை, கொஞ்சம் பெருமைதான்.

அவர் பழுது பார்த்த வீட்டில் புழங்குவதற்கு ஒரு பயிற்சி வேண்டும். குளியலறைக் குழாயை மூடும் பக்கம் திருகினால் திறக்கும். கூடத்து மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும்தான் சுற்றும். அழைப்பு மணியை அழுத்தினால் சமையலறை விளக்கு ஒரு முறை கண்ணடிக்கும். விருந்தாளி வந்தால் அண்ணி முதலில் தண்ணீர் கொடுப்பார், பிறகு பாடம் நடத்துவார். "பாத்ரூம் போனா கதவ லேசாத் தூக்கிச் சாத்துங்க. எங்க வீட்டு இன்ஜினியர் போட்ட தாழ்ப்பாள்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் அண்ணன் அடுத்த சாமானைக் கழற்றுகிறாரோ என்று எனக்குப் பல நாள் சந்தேகம்.

சைக்கிளில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. ட்யூபைக் காதருகே வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். அதில் பிடிபடாவிட்டால்தான் தண்ணீர் வாளி. ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பசை தடவியபின் யாரும் பேசக் கூடாது, ஊதவும் கூடாது. "எச்சி தெறிச்சா ஒட்டு நிக்காது தம்பி." டயரின் உட்புறத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவி முள் தேடுவார். கடைசியில் அண்ணியின் முகப்பவுடரை எடுத்து ட்யூபின்மேல் தூவுவார். ஓட்டிப் பார்க்கிற வழக்கம் மட்டும் கிடையாது. "நான் தொட்ட வண்டிய எதுக்கு ஓட்டிப் பாக்கணும்?"

இத்தனைக்கும் அச்சகத்தில் அவர் வேலையே பிழை திருத்துவது. இருபது வருடமாக அடுத்தவர் விட்ட புள்ளியையும் காலையும் கொம்பையும் தேடித் தேடிப் பிடிக்கிறவர். அங்கே அவர் கண்டிப்பு பிரசித்தம். ஒருவர் பார்த்த பக்கத்தை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் இயந்திரத்துக்கு அனுப்ப விடமாட்டார். "நாம பாத்த பக்கத்த நாமளே மறுபடி பாக்கக் கூடாது தம்பி. கண்ணு அங்க இருக்கிறத படிக்காது. இருக்கணும்னு நாம நெனச்சத படிச்சுட்டுப் போயிடும்." அந்தச் சட்டம் அச்சக வாசலோடு சரி. வீட்டுக்கு வந்தால் இரண்டாவது கண்ணுக்கு இடமில்லை.

அண்ணி ஒரு தையல் நிலையத்தில் துணி வெட்டுகிறவர். தினமும் சைக்கிளில்தான் போவார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சைக்கிளுக்கு இரண்டு புது டயர் வாங்கி வந்தார் அண்ணன். நான் படிக்கட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். புது டயர் பழையதைவிடப் பருமன். பிரேக் கட்டைகளுக்கு நடுவே நுழையவில்லை. பிரேக் கம்பியின் கொக்கியைக் கழற்றிவிட்டால் கட்டைகள் விலகி வழிவிடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு கொக்கியையும் கழற்றினார். "ரெண்டையும் கடைசியாச் சேத்து மாட்டிக்கலாம்" என்று என்னிடம்தான் சொன்னார். டயரை மாட்டிக் காற்றடித்து, வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். அது சுற்றியது, சுற்றியது, நிற்கவே இல்லை. "எங்கயாவது உரசுதா பாருங்க தம்பி." நான் குனிந்து பார்த்துவிட்டு, "பூ மாதிரி சுத்துதுண்ணே" என்றேன். உரசுவதற்கு அங்கே என்ன இருந்தது? அண்ணி சாப்பிடக் கூப்பிட்டார். கரண்டிகளைக் கழுவி எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். நானும் எழுந்து போனேன்.

மறுநாள் காலை அண்ணி வேலைக்குக் கிளம்பினார். எங்கள் தெரு முனையில் ஒரு சரிவு, அது முடியும் இடத்தில் பெரிய சாலை. சரிவில் வண்டி வேகம் பிடித்ததும் இரண்டு பிரேக்கையும் அழுத்தியிருக்கிறார். நிற்கவில்லை. லாரிகள் ஓடுகிற சாலைக்குள் போய் விழுவதைவிட மேல் என்று ஒரு கிடங்கின் சுவரில் கொண்டுபோய் மோதிவிட்டார். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. துணி வெட்டுகிற கை.

யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து மாடிப்படிக்குக் கீழே விட்டுப் போயிருந்தார்கள். மத்தியானம் நான் வெளியிலிருந்து வரும்போது அண்ணன் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். அண்ணிக்கு மாற்றுத் துணி எடுக்க மருத்துவமனையிலிருந்து வந்தவர். முன் கொக்கியை மாட்டியாகிவிட்டது. பின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"லேசா லூசா இருந்துச்சு தம்பி."

"சரிண்ணே" என்றேன்.

சரியாம். என் வாயிலிருந்து வந்த சொல்லை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சாயங்காலம் அண்ணியின் தம்பி வந்து வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். மாவுக்கட்டுப் போட்டு அண்ணியும் வீட்டுக்கு வந்திருந்தார். "பிரேக் பிடிச்சா நச்சுன்னு நிக்குதேக்கா. நீ பயத்துல பிடிக்கவே இல்ல போல."

"பிடிச்சேன்டா. ரெண்டு கையாலயும் பிடிச்சேன்."

மூன்றாம் நாள் பார்க்க வந்தவர்களிடம் அண்ணி, "பிடிச்சேன்னுதான் நெனக்கிறேன்" என்றார். ஒரு வாரம் கழித்து, "பிடிக்கலையோ என்னமோ. வண்டி நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் அண்ணன் அடுக்களைக்குள் போய்விடுவார். அங்கே ஒரு வேலையும் இருக்காது. சும்மா நின்றுவிட்டு வருவார். அந்த வாரம் குழாய் ஒழுகியபோது வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டார். கட்டிடமே ஆச்சரியப்பட்டது. "அண்ணனுக்குப் பாவம், மனசு சரியில்ல" என்றார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும். தெரிந்துகொண்டு நானும் தலையாட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் தையல் நிலையத்து முதலாளியம்மா வந்தார். அண்ணியின் தம்பியும் இருந்தார், நானும் இருந்தேன். கட்டுப் பிரித்ததும் எப்போது மேசைக்குத் திரும்புகிறாய் என்று கேட்டார் அந்தம்மா.

அண்ணி கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "வேற ஆளப் பாத்துக்குங்கம்மா. பிரேக்கப் பிடிக்கணும்னா பிடிக்கத் தெரியாத கை. ஒருத்தங்க நம்பிக் குடுக்கிற துணியில இந்தக் கையால கத்திரி வைக்க எனக்கே பயமா இருக்கு."

இத்தனை வருடத்தில் ஒரு துணியைக்கூடப் பாழாக்காதவர். அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் பார்த்ததைச் சொல்ல வேண்டிய நேரம் அது. வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

அண்ணன் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தார். அதைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். படியில் எதுவோ இடித்து இடித்து ஏறுகிற சத்தம் கேட்டது. சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வந்து கூடத்தின் நடுவில் நிறுத்தினார்.

"மாமா, இப்ப இது எதுக்கு இங்க?" என்றார் அண்ணியின் தம்பி.

அண்ணன் மண்டியிட்டு முன் கொக்கியைக் கழற்றினார், பின் கொக்கியைக் கழற்றினார். வண்டியை அண்ணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நகர்த்தினார்.

"அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு. நான் மாட்டல. நீ ஆஸ்பத்திரியில இருக்கும்போது வந்து மாட்டி வெச்சேன்."

அண்ணி அவரையே பார்த்தார். அவர் அண்ணியின் நல்ல கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரேக் பிடியின்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினார். பிடி ஒரு தடையும் இல்லாமல் கைப்பிடியோடு போய் ஒட்டியது.

"நீ பிடிச்ச" என்றார். "நல்லாத்தான் பிடிச்ச."

விட்டுவிட்டு மறுபடியும் அழுத்தினார். அந்தம்மாவும் தம்பியும் பார்க்கத் தலை குனிந்தபடி, மறுபடியும், மறுபடியும், அந்த விரல்களை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார்.