மைக்கில் உதடு பட்டபோது

எலக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை ஒருவர் கேட்டிருந்தார்: "கிட்டார் கம்பியைப் பிடித்தபடி பாடும்போது மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கிறது. ஏன்?" உடனே பதில் வந்தது: "எர்த் இல்லை. நிறுத்துங்கள், ஆளையே கொன்றுவிடும்."

எனக்குச் சின்ன வயது ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன.

ஆம்பூரில் எங்கள் சபைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஷூ கம்பெனியில்தான் வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் செருப்பை வாசலில் விட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போவோம். அப்பா சிவப்பு கிட்டாரை மாட்டிக்கொண்டு, கழுவிய ஈரம் காயாத தரையில் நிற்பார். குளித்துவிட்டு வந்தாலும் அவர் மேல் தோலும் பசையும் கலந்த வாசனை போகாது. பாட்டின் நடுவே மைக்கில் வாய் பட்டதும் அவர் உடம்பு தூக்கிப்போடும். "ஆவியானவர் எறங்கிட்டாரு!" என்று அம்மா கண்ணீரோடு கத்துவாள். சபையே அல்லேலூயா போடும். நான் பெஞ்சு மேல் ஏறிக் கைதட்டுவேன்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். "அது கரண்ட்டுப்பா! செத்தே போயிருப்பீங்க!"

"தெரியும்மா," என்றார். "மொத தடவையே தெரிஞ்சிபோச்சி. ஆனா ஒங்கம்மா அதுக்கு முன்னாடி என்னை அப்டிப் பாத்ததே இல்ல."