மழையில்லாமல் ஏறிய தண்ணீர்

எனக்கு ஊர் கல்வராயன் மலையில் வெள்ளிமலை. கடலோரப் பேரூராட்சி ஒன்றில், படகுத்துறைப் படிகளில் பாசி சுரண்டும் வேலைக்குப் புதிதாகப் போயிருந்தேன். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஊருக்குப் போன கூட்டாளிகள் திரும்ப முடியவில்லை. பேச்சுத் துணையில்லாமல் நான் மட்டும் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அன்று கடைசிப் படியில் இருந்தேன். மேலே கருவாடு காயவைக்கும் அஞ்சலை அக்கா கத்தினார்.

"தண்ணி ஏறிக்கினு வருதுடா, மேல வா!"

"மழையே இல்ல, எப்படிக்கா ஏறும்? நீ இன்னா கொடத்துல ஊத்துறியா?"

எங்கள் ஓடையில் மழை பெய்தால்தான் தண்ணீர் ஏறும். கடல் தினமும் தானாகவே ஏறி இறங்கும் என்று எனக்குத் தெரியாது. அக்கா தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ஓர் அலை என்னைப் புரட்டியது. படகு கட்டும் இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். மலையில் கத்தினால் எதிர்மலையாவது திருப்பிக் கத்தும். கடல் அதைக்கூடச் செய்யவில்லை.

கருவாட்டைத் திருப்பிப்போட வந்த அக்காதான் வலைக்கயிறு வீசி இழுத்தார்.

"மழை நின்னுடுச்சாடா?" என்றார்.

இப்போதெல்லாம் அக்காவிடம் கேட்காமல் இறங்குவதில்லை. அவர் வராத நாட்களில், பாசியே இல்லாத மேல்படியைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.