சும்மா ஓடுகிறவன்

எங்கள் மலையில் யாரும் சும்மா ஓட மாட்டார்கள். ஏற்றமும் இறக்கமுமான ஒற்றையடிப் பாதையில் மூட்டை சுமந்து நடக்கவே மூச்சு போதாது. ஒருவன் ஓடி வந்தால் கேதம் சொல்ல வருகிறான் என்றுதான் அர்த்தம். தூரத்தில் ஆள் ஓடுவதைக் கண்டதுமே பெண்கள் நெஞ்சில் கை வைத்து, "யாரு வீட்டுச் சாவோ" என்று வாசலுக்கு வந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துதான் நான் நெடுந்தூர ஓட்டக்காரன் ஆனேன். மதுரையிலும் மதராஸிலும் முதலாவதாக வந்து கோப்பைகள் வாங்கினேன். ஊரில் அவற்றுக்கு ஒரு மரியாதையும் இல்லை. ஒரு கோப்பையில் அம்மா உப்பு போட்டு வைத்திருந்தாள்.

ஐம்பதுகளின் கடைசியில், ஓடைத் தண்ணீருக்காக எங்களுக்கும் பக்கத்து ஊருக்கும் வெட்டுக்குத்து ஆகிவிட்டது. பூண்டுப் பயிர் வாடிய நேரத்தில் மடையை யார் திறப்பது என்று தொடங்கிய பேச்சு, ஒருவனுடைய கை போனதில் முடிந்தது. அதோடு போக்குவரத்து அறுந்தது. கேதத்துக்கு மட்டும் வரலாம், போகலாம். என் தங்கை அந்த ஊரில் வாக்கப்பட்டிருந்தாள். இங்கே அம்மா நெஞ்சுச்சளியோடு படுத்த படுக்கையாகிவிட்டாள். "எம் புள்ளைய ஒரு தடவ கண்ணுல காட்டுங்கடா" என்பதைத் தவிர அவளிடம் வேறு பேச்சில்லை. தாய் செத்தால்தான் மகள் வரலாம் என்பது எங்கள் ஊர் நியாயம்!

ஓட்டத்தைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்? முன்பின் தெரியாதவர்கள்கூடத் தோளோடு தோள் ஓடி முடித்தபின் கையைப் பிடித்துக்கொள்வதைப் பந்தயங்களில் பார்த்திருக்கிறேன். இரண்டு ஊர் இளவட்டங்களும் ஞாயிறுதோறும் சேர்ந்து, இங்கிருந்து அங்கே போய்த் திரும்பி ஓடலாம் என்றேன். எங்கள் ஊர்ப் பெரியவர் சிரித்தார்.

"ஏலே, பேசித் தீராத சோலிய ஓடியா தீக்கப் போற?"

அவர் காலில் விழுந்தேன். எல்லையில் நின்று அந்த ஊர்க்காரர்களையும் கெஞ்சினேன். ஓடுகிறவன் நின்று பேசக் கூடாது, ஓடிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்ற பேச்சில் ஒத்துக்கொண்டார்கள்.

முதல் ஞாயிறு எங்களைக் கண்டதும் அந்த ஊர்ப் பெண்கள் ஒப்பாரியே தொடங்கிவிட்டார்கள். என் தங்கை தலைவிரிகோலமாகத் தெருவுக்கு வந்தாள். "சும்மாதான் ஓடுறோம் தாயி, யாருக்கும் ஒண்ணுமில்ல" என்று கத்திக்கொண்டே அவளைக் கடந்து போனேன். வாரக்கணக்கில் இதையே கத்தினேன். மெல்ல மெல்லப் பழகினார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு செம்பில் தண்ணீர் வந்தது. ஒரு ஞாயிறு தங்கையின் மாமனாரே என்னை நிறுத்தினார்.

"பூண்டு எடுத்ததும் ஒங்கம்மாவப் பாக்க அனுப்புறேன்ப்பா."

இதைச் சொன்னதும் அம்மா அன்று ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள். நானும் முட்டாள்தனமாக நம்பினேன்.

பூண்டு எடுத்து முடியும்வரை அம்மாவின் உயிர் பொறுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை விடிந்ததும் மூச்சு நின்றது. மகன் பிணத்தை விட்டு நகரக் கூடாது, கேதம் சொல்ல வேறு ஆளை அனுப்புவோம் என்றார்கள். நான் கேட்கவில்லை. என்னை முந்திப் போக அந்த மலையில் யார் இருந்தார்கள்? அழுதால் மூச்சு கெட்டுவிடும் என்று அழாமல் ஓடினேன்.

என்னைக் கண்டதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒருத்தியும் நெஞ்சில் கை வைக்கவில்லை. "இன்னைக்கு ஞாயித்துக்கெழம இல்லையே, கெழம தெரியாம ஓடி வர்றீகளா?" என்று கேலி செய்தார்கள். வாயைத் திறந்தால் எனக்கு வெறும் காற்றுதான் வந்தது. தங்கை சிரித்துக்கொண்டே செம்போடு வந்து என் கைகளில் தண்ணீர் ஊற்றினாள்.

"அண்ணே, பாதிப் பூண்டு எடுத்தாச்சு. அடுத்த வாரம் வந்துருவேன்னு அம்மாகிட்டச் சொல்லு."

நான் குனிந்து அந்தத் தண்ணீரைக் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் சொன்னேன்.