பாத்திமாவின் பெயர்

நேற்று ஓட்டல் அறைக் கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போயிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டைப் பார்த்ததும் பள்ளித்தோழி பாத்திமா நினைவுக்கு வந்தாள்.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் இருவருக்கும் பத்து வயது. அவிநாசியில் மாமா வீட்டுக்குப் போய்விட்டு, அம்மா எங்களைப் பஸ்ஸில் கோவைக்கு அழைத்து வந்தாள். ஊரில் மதக் கலவரம் என்று வழியில்தான் தெரிந்தது. ஓரிடத்தில் பஸ்ஸை மறித்து நான்கு பேர் ஏறினார்கள். அம்மா சட்டென்று தன் பொட்டை எடுத்துப் பாத்திமாவின் நெற்றியில் ஒட்டினாள்.

“இந்தப் பொண்ணு பேரென்ன?” என்று ஒருவன் கேட்டான்.

“கவிதாங்க. என்ற பெரிய புள்ள,” என்று தன் மகளாகவே சொன்னாள் அம்மா.

அவர்கள் இறங்கிப் போனார்கள்.

சந்து சந்தாக நடந்து பாத்திமாவின் வீட்டை அடைந்ததும் அம்மா அவள் தாயிடம் கைகூப்பினாள். “உங்களக் கேக்காமப் பொட்டு வெச்சு, பேரையும் மாத்திச் சொல்லிப்போட்டேனுங்க. மன்னிச்சுக்கோங்க.”

அவர் அழுதுவிட்டார். “புள்ளைய ஊடு சேத்தீங்களே, அது போதுமுங்க.”

பாத்திமா நெற்றிப் பொட்டைப் பிய்த்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

பள்ளி திறந்த அன்று டீச்சர் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை வாசித்தார். வழக்கமாக ‘உள்ளேன்’ என்று முணுமுணுப்பவள் எழுந்து நின்று, கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி சொன்னாள்: “பாத்திமா பேகம்ங்க, டீச்சர்.”